ஆறாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில்

ஆமாங்க, இதே வீடுதான். நீங்க தப்பா வரல. நாலாவது மாடி, இடது பக்கக் கதவு, உங்க பேப்பர்ல இருக்கிற நம்பர் இதுதான். அவர் இல்லீங்க. நீங்க மொதல்ல உள்ள வாங்க, எப்படி மூச்சு வாங்குது பாருங்க. லிஃப்ட் நின்னு ஏழு மாசமாச்சு. எழுதிப் போட்டோம், எல்லா வீட்டுலயும் கையெழுத்து வாங்கிப் போட்டோம், ஒரு ஆள் வந்து பார்த்து உச்சுக் கொட்டிட்டுப் போனான், அதோட சரி. உக்காருங்க. தண்ணி குடிங்க.

அட, அடையாள அட்டையெல்லாம் எடுக்காதீங்க மேடம். கழுத்துல அந்த நீலக் கயிறைப் பார்த்தப்பவே புரிஞ்சுபோச்சு. சர்வே ஆபீஸ்ல சரிபார்க்கிறவங்க. எனக்கும் கயிறு உண்டு, பச்சை. அதோ, கதவுக்குப் பின்னாடி தொங்குது பாருங்க. ஆமா, நானும் அதே ஆபீஸ்தான். கேள்வி கேட்டவர் நம்பர்னு உங்க பேப்பர்ல என்ன போட்டிருக்கு, நூத்தி நாப்பத்தி ரெண்டா? அது நான்தான்.

முழிக்காதீங்க. மறைக்கல, சொல்லிடறேன். எந்தெந்த வீட்டுல கேக்கணும்னு எடுத்துக் கொடுக்கிற டேப்லட்ல இந்த வருஷம் என் கதவு நம்பரே வந்துடுச்சு. பதினாறு வருஷத்துல மொத தடவை. சொந்த வீடு வந்தா ஆபீசுக்குத் தகவல் சொல்லணும், வேற ஆளை அனுப்புவாங்க, அதுதான் விதி. புதுசா சேர்றவங்களுக்கு நானே அதைப் பலகையில எழுதிக் காட்டியிருக்கேன். ஆனா சொல்லல. பதில் சொல்ல வேண்டிய ஆளா டேப் பட்டியல்லேர்ந்து என் வீட்டுக்காரரைத்தான் எடுத்துச்சு. ஆண், அறுபத்தி மூணு வயசு. நானே கேட்டு நானே போட்டுட்டேன். எழுதிக்கங்க. தப்புன்னு தெரிஞ்சுதான் செஞ்சேன்.

அவர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணுமா. ஆறாவது கேள்வி மட்டும்தானா. ம். திரும்பக் கேட்டு, ஒத்துப்போகுதான்னு பார்ப்பீங்க. தெரியாதா எனக்கு. சொல்றேன், கொஞ்சம் இருங்க. இந்த வெயில்ல திரும்ப எறங்கிப் போய் என்ன பண்ணப் போறீங்க.

நீங்க இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்ல? முன்னாடி இருந்தவர் போன்லயே முடிச்சிடுவார். கேட்டாங்களா, கேட்டாங்க, வச்சிடறேன். அவ்வளவுதான். நீங்க நேர்ல வர்றீங்க. நல்லதுதான். ஆனா உங்களுக்கு இந்தத் தெருவைத் தெரியாதே. பேப்பர்ல பார்த்தா நாப்பது வீடு, நாப்பது ஃபார்ம். போன வருஷம் அந்தப் பெரிய நாட்டுத் தலைவர் மேல நம்பிக்கை இருக்குன்னு சொன்னவங்க நாப்பதுல அஞ்சு பேர். இந்த வருஷம் முப்பத்தி நாலு. மேல இருக்கிறவங்களுக்கு இதைப் பார்த்தா சந்தேகம் வரும்தான். இவ வீட்டுல உக்காந்தே எல்லாத்தையும் அடிச்சு விட்டுட்டாளோன்னு. அதுக்குத்தானே உங்களை அனுப்பியிருக்காங்க? சொல்ல வேண்டாம், உங்க மூஞ்சியே சொல்லுது.

இல்ல மேடம். இந்த வீட்டைத் தவிர முப்பத்தொம்பது வீட்டுப் படியும் ஏறியிருக்கேன். நம்பர் சரிதான். ஜனங்க மாறிட்டாங்க, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி எனக்குத் தூக்கத்துலயும் வரும். அந்தப் பெரிய நாட்டோட தலைவர் உலக விஷயங்கள்ல சரியானதைச் செய்வார்னு உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கு? நிறைய இருக்கு, ஓரளவு இருக்கு, அவ்வளவா இல்ல, கொஞ்சமும் இல்ல, தெரியாது. அஞ்சையும் ஒரே குரல்ல படிக்கணும். புருவம் தூக்கக் கூடாது, தலை ஆட்டக் கூடாது. நான் நல்லா செய்வேன். மேல்மாடியில ரிட்டயர்ட் வாத்தியார் ஒருத்தர் இருக்கார், அவரே சொல்வார், நீ கேக்கிறப்போ சுவரு பேசுற மாதிரி இருக்கும்மான்னு. அதைப் பாராட்டாத்தான் எடுத்துக்கிட்டேன்.

பழைய தலைவர் இருந்தாரே, அவரை எங்க தெருவுல கத்துறவர்னுதான் சொல்லுவாங்க. டிவியில அவர் வாயைத் தொறந்தா சத்தத்தைக் கொறைக்கிற பட்டனைத் தேடணும். அவர் இருந்த நாலு வருஷமும் எனக்கு வேலை சுலபம். கேள்வி முடியிறதுக்குள்ள பதில் வந்துடும். கொஞ்சமும் இல்லம்மா, அதுக்குக் கீழ ஏதாச்சும் இருந்தா அதைப் போடுன்னு சொல்வாங்க. கீழ ஒண்ணும் இல்லீங்கன்னு நானும் சொல்வேன். எதிர்ல மருந்துக்கடை வச்சிருக்காரே, அவர் அந்த நாட்டு மாத்திரையையே அலமாரியிலேர்ந்து எடுத்துட்டார். கேட்டா, அந்த ஆள் மூஞ்சி ஞாபகத்துக்கு வருது, தலைவலி மாத்திரை விக்கிறவனுக்கே தலைவலி வருதுன்னார்.

அப்புறம் அங்க தேர்தல் நடந்துச்சு. அவர் போயிட்டார், புதுசா ஒருத்தர் வந்தார். நல்லா சிரிக்கிறார் மேடம், பொய் சொல்லக் கூடாது. கை கூப்புறார், சின்னப் பிள்ளைங்களைத் தூக்குறார், மத்த நாட்டுக்காரங்களை நண்பர்களேங்கிறார். எங்க தெருவுல அன்னிக்கு ஸ்வீட்டு கொடுத்தாங்க. ஏதோ நம்ம ஆளு ஜெயிச்ச மாதிரி. இப்பக் கேட்டா மருந்துக்கடைக்காரர் என்ன சொல்றார் தெரியுமா? அவர் பேசுறதைக் கேட்டா ரத்தக்கொதிப்பு எறங்குதும்மா, நிறையன்னு போடுன்னார். விதிப்படி நான் எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது. எட்டாவது கேள்வி இருக்கில்ல, அந்த நாட்டால நம்ம நாட்டுக்கு ஏதாவது நன்மை நடந்திருக்கா, ஒண்ணு சொல்லுங்கன்னு. கேட்டேன். யோசிச்சார். பேனாவைக் கடிச்சார். கடைக்கு வந்த ஒரு அம்மாவுக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்து, வரும்லன்னார். வரும்லன்னு ஒரு பதில் என் டேப்ல இல்ல. தெரியாதுன்னு போட்டேன்.

அவரைக் குத்தம் சொல்லல. யாரையும் சொல்லல. நாலு வருஷம் ஒருத்தர் கத்திக்கிட்டே இருந்துட்டு நிறுத்தினா, அந்த அமைதியே நல்லது மாதிரிதான் இருக்கும். என்ன மாறிச்சு, என்ன மாறலன்னு யார் உக்காந்து பார்க்கிறா. அவங்கவங்களுக்கு அவங்கவங்க வேலை. கீழ்வீட்டுல துணி தேய்க்கிற அம்மா ஒண்ணு இருக்கு, அதுதான் வருஷா வருஷம் ஒரே பதில் சொல்லும். எனக்கென்னம்மா தெரியும், எனக்கு அந்த நாட்டைப் படத்துலகூடக் காட்டத் தெரியாதுன்னு. எனக்குப் பிடிச்ச ஆள் அதுதான்.

எங்களுக்கா? ஏன் கேக்கிறீங்க. கேக்கலையா. கேட்ட மாதிரி இருந்துச்சு.

சரி, கேட்ட மாதிரியே வச்சுக்கங்க. எங்க பையன் அங்கதான் இருக்கான் மேடம். ஒரே பையன். ஏழு வருஷமாச்சு போயி. வெல்டிங் வேலை. பாலம் கட்டுற கம்பெனி ஒண்ணு கூட்டிட்டுப் போச்சு. கையில நல்ல வேலை வச்சிருந்தான், ஆத்துக்கு நடுவுல தொங்கிக்கிட்டே வேலை செய்யிற போட்டோ அனுப்புவான், அதைப் பார்த்துட்டு நான் ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காம இருப்பேன். அவங்கப்பா மட்டும் அந்தப் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்து, பாரு, பெல்ட்டு போட்டிருக்கான், பெல்ட்டு போட்டிருக்கான்னு எனக்குக் காட்டுவார்.

கத்துறவர் வந்து ரெண்டு வருஷத்துல அங்க ஒரு உத்தரவு போட்டாங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்கள்ல அனுமதித் தாள் தேதி முடிஞ்சவங்களையெல்லாம் புடிச்சு முகாம்ல வைக்கணும், விசாரிச்சு முடிவு பண்ணணும்னு. இவன் தாளைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். கம்பெனி கொடுத்ததே லேட்டு. பதினோரு நாள் மேடம். பதினோரு நாள் இடைவெளி. வேலை செய்யிற எடத்துக்கே வண்டி வந்துச்சாம். மேல இருந்தவனை எறங்கச் சொல்லி, பெல்ட்டைக் கழட்டச் சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. மூணு வருஷம் முடிஞ்சு போச்சு. விசாரிச்சுக்கிட்டே இருக்காங்க. திருப்பி அனுப்பவும் மாட்டேங்கிறாங்க, வெளியில விடவும் மாட்டேங்கிறாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போன்ல பேசலாம். பத்து நிமிஷம்.

அப்ப இந்தத் தெரு எங்களுக்குத் தாய்வீடு மாதிரி இருந்துச்சு. அதைச் சொல்லணும். கடையில, படியில, குழாயடியில எங்க பார்த்தாலும் நிறுத்தி விசாரிப்பாங்க. பையன் பேசினானா, சாப்புடுறானாமான்னு. மருந்துக்கடைக்காரர் என் வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுத்துட்டு அந்த நாட்டைத் திட்டுவார் பாருங்க, காதுல கேக்க முடியாது. வாத்தியார் அங்கங்க அனுப்ப மனு எழுதிக் கொடுத்தார். நான் கேள்வி கேட்டுக்கிட்டுப் போனா, உன் பையனுக்காகவே கொஞ்சமும் இல்லன்னு போடுறேம்மான்னு சொன்னவங்க உண்டு. அப்படிப் போடக் கூடாதுங்க, உங்க சொந்தக் கருத்தைச் சொல்லுங்கன்னு விதியைச் சொல்லிட்டு, வெளியில வந்து படியில நின்னு அழுதிருக்கேன்.

என் வீட்டுக்காரர் என்ன வேலையா? பிரஸ்ல ப்ரூஃப் பார்த்தவர். முப்பது வருஷம். பாடப் புத்தகம், அகராதி, அந்த நாட்டு பாஷையிலயும் பார்ப்பார். ஒரு எழுத்து மாறியிருந்தா அவருக்குப் பல்லுல கல்லு மாட்டின மாதிரி இருக்கும். ரிட்டயர் ஆனப்புறமும் பேப்பரைச் சிவப்புப் பேனாவோடதான் படிப்பார். அவர்தான் பையனுக்காக அந்த நாட்டுத் தலைவர் ஆபீசுக்குக் கடிதம் எழுதினது. அவங்க பாஷையிலயே. மாசம் ஒண்ணு. இந்த மேசையிலதான் எழுதுவார், மூணு தடவை நகலெடுப்பார், நாலாவது தடவை எழுதினதைத்தான் போடுவார்.

கத்துறவர் காலத்துல பதில் ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு. ஒரு வரி. உங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அதுலயும் பையன் பேர்ல ஒரு எழுத்து தப்பு. இவர் அதைச் சிவப்புல சுழிச்சு வச்சுக்கிட்டு நாள் பூரா அதையே பார்த்துக்கிட்டிருந்தார். வேண்டாம்னு சொன்னது கூட அவருக்குப் பெருசில்ல. பேரைக்கூடச் சரியாப் பார்க்கலையேன்னார்.

புதியவர் வந்து ரெண்டு மாசத்துல ஒரு கடிதம் வந்துச்சு பாருங்க. நல்ல கனமான தாள். ஒரு பக்கம் பூரா. அன்புக்குரிய பெற்றோருக்குன்னு ஆரம்பம். ஒரு தாய் தந்தையாக நீங்கள் படும் வேதனையை நாங்கள் முழுமையாக உணர்கிறோம். உங்கள் மகனின் விஷயம் உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்படுகிறது. கடைசியில அந்தச் சிரிக்கிறவர் கையெழுத்து, நீல மையில. இவர் சிவப்புப் பேனாவை எடுத்து வச்சுக்கிட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் வரி வரியாப் போனார். திரும்பவும் போனார். அப்புறம் பேனாவை மூடி வச்சுட்டு என்னைப் பார்த்துச் சொன்னார், ஒரு பிழை இல்லடி. ஒரு கமா கூட மாறல. அங்க யாரோ உக்காந்து நம்ம விஷயத்தைப் படிச்சிருக்காங்க.

அன்னிக்கே சவரம் பண்ணிக்கிட்டார். பையன் ரூமைக் கூட்டினார். கட்டில்ல கெடந்த அட்டைப் பெட்டியெல்லாம் எடுத்துப் பரண்ல ஏத்தினார், இடுப்புப் புடிச்சுக்கிட்டு மூணு நாள் படுத்தார். கடிதத்தைக் கொண்டுபோய் வாத்தியார்கிட்ட, மருந்துக்கடையில, கீழ்வீட்டுல எல்லார்கிட்டயும் காட்டினார். எல்லாருக்கும் சந்தோசம். இனிமே உங்களுக்கென்ன கவலைன்னாங்க.

எனக்கு நம்பிக்கை வரல மேடம். ஏன் வரலன்னா சொல்லத் தெரியல. பதினாறு வருஷமா ஜனங்க எப்படி நிறையங்கிறாங்க, எப்படி இல்லங்கிறாங்கன்னு பார்த்து பார்த்து எனக்குள்ள அந்த எடமே தேய்ஞ்சு போச்சோ என்னவோ. அந்த வாரம் பையன் பேசினான். இப்ப பத்து நிமிஷம் பதினஞ்சு ஆயிடுச்சு, புதியவர் வந்து கூட்டிக் கொடுத்தது. முகாம்ங்கிற பேரை எடுத்துட்டு தங்கும் இல்லம்னு போர்டு மாட்டியிருக்காங்களாம். சுவத்துக்கு மஞ்சப் பெயின்ட்டு. போர்வை கொஞ்சம் தடிப்பாம். எப்படிடா இருக்கேன்னு கேட்டேன். நல்லா இருக்கேம்மா, இப்பல்லாம் வணக்கம் சொல்லிட்டுத்தான் கதவைப் பூட்டுறாங்கன்னான். சிரிச்சான். நானும் சிரிச்சேன். இவர் போனைப் புடுங்கி, கடிதம் வந்திருக்குடா, பிழையே இல்லாத கடிதம்னு கத்தினார்.

ரெண்டாவது கடிதம் நாலு மாசம் கழிச்சு வந்துச்சு. அதே கனமான தாள். மூணாவது அதுக்கப்புறம். மூணாவது வந்த அன்னிக்கு நான் வேலை முடிஞ்சு வந்தேன், மத்தியானம், இவர் அந்த ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டிருந்தார். மூணு தாளையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சுக் கண்ணாடியில அழுத்திப் புடிச்சிருந்தார், வெளிச்சம் பின்னாடியிருந்து வருதுல்ல. ப்ரூஃப் பார்க்கிறவங்க அப்படித்தான் ஒப்பிட்டுப் பார்ப்பாங்களாம். எழுத்து மேல எழுத்து உக்காந்திருந்துச்சு. தேதி மட்டும்தான் கலங்கித் தெரிஞ்சுது. கையெழுத்துகூட ஒரே சுழி. நான் பக்கத்துல போய் நின்னேன். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் அதையே பார்த்தோம். அப்புறம் அவர் என்ன சொன்னார்னா, ஒரே கடிதத்தை எல்லாருக்கும் போடுறாங்கன்னா நெறைய பேர் வரிசையில இருக்காங்கன்னு அர்த்தம். வரிசைன்னா நகரும்லன்னார்.

அதான் அவர். நான் என்ன பண்ணட்டும்.

கஷ்டம் எங்க ஆரம்பிச்சதுன்னா, கடிதத்துல இல்ல. தெருவுலதான். கத்துறவர் இருந்தப்போ அவரைத் திட்ட எங்களோட ஊரே இருந்துச்சு. சிரிக்கிறவர் வந்தப்புறம் யாருக்கும் திட்ட மனசில்ல. பையன் பேசினானான்னு கேக்கிறது கொறைஞ்சுது. ஆறு மாசம், எட்டு மாசம் ஆச்சு. இன்னும் வரலையான்னு கேப்பாங்க. அதுல ஒரு இது இருக்கும். முன்னாடி அந்தக் கேள்வி அந்த நாட்டைப் பார்த்துக் கேட்டது. இப்ப எங்களைப் பார்த்துக் கேக்கிற மாதிரி இருந்துச்சு.

ஒரு நாள் இவர் மாத்திரை வாங்கப் போனார். வெறுங்கையோட வந்தார். எங்க மாத்திரைன்னேன். செருப்பைக் கழட்டி வச்சுட்டுச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் சொன்னாராம், கெட்ட எண்ணத்துல சொல்லல பாவம், இவ்வளவு நல்ல மனுசன் வந்தும் விடலைன்னா, உங்க பையன் மேல வேற ஏதாச்சும் இருக்குமோ, நல்லா விசாரிச்சீங்களான்னு. அவ்வளவுதான் கேட்டார். அதுலேர்ந்து இவர் அந்தக் கடைக்குப் போறதில்ல. ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி ஒரு கடை இருக்கு, அங்க நடந்து போய் வாங்கிட்டு வருவார். இந்த நாலு மாடி எறங்கி, ஏறி. நான் வாங்கிட்டு வரேன்னாலும் கேக்க மாட்டார்.

அப்பக்கூட அந்தத் தலைவரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசல. நான் ஒரு நாள் பொறுக்க மாட்டாமக் கேட்டேன். இந்தச் சிரிப்புக்கு அந்தக் கத்தலே தேவலைங்க, அப்பவாவது நம்ம பையன் மேல தப்பில்லன்னு ஊருக்குத் தெரிஞ்சுதுன்னேன். அவர் கோவப்பட்டார். அவருக்குக் கோவம் வந்து நான் பார்த்ததே கொறைச்சல். நீ எல்லார்கிட்டயும் நம்பிக்கை இருக்கா இருக்கான்னு கேட்டுட்டு வந்து வீட்டுல இல்லங்கிறியே, எனக்கு அதையும் எடுத்துட்டா நான் காலையில எதுக்கு எழுந்திரிக்கிறதுன்னார். அதுக்கப்புறம் நாங்க அதைப் பத்திப் பேசல.

ஆமா, அதான் உங்க பேப்பர்ல இருக்கு. ஆறாவது கேள்விக்கு நிறைய இருக்குன்னு பதில். எனக்குத் தெரியும் நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு. இவ்வளவையும் கேட்டப்புறம், இந்த வீட்டுல அந்தப் பதில் எப்படி வந்துச்சுன்னுதானே? நானும் அதைத்தான் யோசிச்சேன். டேப்ல என் நம்பர் வந்தப்போ எனக்கு ஒரு ஆசை வந்துச்சு மேடம். பதினாறு வருஷமா சுவரு மாதிரி நின்னுட்டேனே, ஒரே ஒரு ஃபார்ம்ல என் பதிலைப் போட்டுடலாம்னு. கொஞ்சமும் இல்ல. ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது. நாப்பதுல ஒண்ணு, யாருக்கு என்ன தெரியப் போகுது.

வீட்டுக்கு வந்து இந்த மேசையில உக்காந்தேன். முறைப்படியே செஞ்சேன். வணக்கம் ஐயா, நான் கருத்துக் கணிப்பு அலுவலகத்துலேர்ந்து வர்றேன், உங்க நேரத்துல இருபது நிமிஷம் வேணும், உங்க பதில் ரகசியமா வைக்கப்படும்னு சொன்னேன். வயசு, படிப்பு, வேலை எல்லாம் வாய்விட்டுக் கேட்டேன். ஆறாவது கேள்வி வந்துச்சு. அஞ்சு பதிலையும் ஒரே குரல்ல படிச்சேன். காத்திருந்தேன். விதி அதானே, பதில் சொல்ல நேரம் கொடுக்கணும். அப்புறம் நிறைய இருக்குன்னு தட்டினேன். அவர் வாயில என் பதிலை வைக்க எனக்கு மனசு வரல. அன்னிக்கு அவர் போய்ப் பத்தொம்பது நாள் ஆகியிருந்துச்சு.

ம். போயிட்டார். ஒரு மாசம் ஆகப் போகுது. மத்தியானம், அந்த ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தார், தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டுச்சு, போய்ப் பார்த்துட்டு வான்னார். நான் எறங்கிப் போய் பெட்டியைத் தொறந்து பார்த்துட்டு, ஒண்ணும் இல்லன்னு சொல்லிக்கிட்டே ஏறி வந்தேன். நாலு மாடி. அவ்வளவு நேரம்தான்.

எந்திரிக்காதீங்க. பரவாயில்ல, உங்களுக்கு எப்படித் தெரியும். அவரைத் தூக்கிட்டுப் போக வந்தவங்கள்ல அந்த மருந்துக்கடைக்காரர்தான் ஜாஸ்தி அழுதார். அவரைக் குத்தம் சொல்லலன்னு சொன்னேன்ல.

அந்த ஃபார்மை ரத்து பண்ணிடுங்க. முப்பத்தி மூணுன்னு போட்டுக்கங்க. அதுவும் அதிகம்தான், ஆனா அந்த முப்பத்தி மூணும் நான் நேர்ல கேட்டது. கையெழுத்து எங்க? இங்கயா? வேலையை எடுத்துக்கிட்டாலும் சரி, நான் மனு எதுவும் போட மாட்டேன். உங்க மேல ஒண்ணும் வராது, நீங்க பார்த்ததை எழுதுங்க.

இப்ப மணி என்ன ஆச்சு? மூணேமுக்காலா.

இல்ல, நாலு மணிக்குப் பையன் போன் வரும், அதான். பதினஞ்சு நிமிஷம். இந்த ஒரு மாசத்துல ரெண்டு தடவை பேசிட்டான். மொத தடவை அப்பா எங்கம்மான்னான், மாத்திரை வாங்கப் போயிருக்கார்னேன். ரெண்டாவது தடவையும் அதையேதான் சொன்னேன். எப்பப் பார்த்தாலும் மாத்திரையான்னான். அவனுக்கு இன்னும் சொல்லல மேடம். பூட்டின எடத்துல தனியா இருக்கிறவன்கிட்ட இதைச் சொல்லிட்டு, டக்குனு லைன் கட்டாயிடும், அப்புறம் ரெண்டு வாரம் அவன் குரலே கேக்காது. எப்படிச் சொல்றது. இன்னிக்குச் சொல்லிடணும்னு காலையிலேர்ந்து நெனைச்சுக்கிட்டிருக்கேன். நீங்க கதவைத் தட்டினப்போ, நெஜமாச் சொல்றேன், எனக்கு நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சு.

உங்களுக்கு அடுத்த வீடு போகணும்னா போங்க. இல்லைன்னா ஒரு அரை மணி நேரம் இருக்க முடியுமா? நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா அங்கயே உக்காந்திருந்தாப் போதும்.